ரீஃப் தொட்டிக்கு வீட்டிலேயே தாதுக் கரைசல்: முதல் முறை கலக்குபவருக்கு

பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியின் (ரீஃப் தொட்டி) தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்துப்போன அன்றுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். பார்வைக்கு மட்டுமில்லை, அது நிஜமாகவே சுண்ணாம்புதான். கால்சியம் கரைசலை ஊற்றிய கையோடு அதே மூலையில் சோடாக் (சோடியம் கார்பனேட்) கரைசலையும் ஊற்றியிருந்தேன். இரண்டும் பவளத்துக்குப் போய்ச் சேருமுன்பே ஒன்றோடொன்று சேர்ந்து பொடியாக இறங்கிவிட்டன. மறுநாள் காலை பம்ப் நின்றிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுழலும் காந்தத்தைச் சுற்றி வெள்ளைப் பக்கு.

அதற்குப் பிறகும் தவறுகள் செய்தேன். அவற்றில் முக்கால்வாசி கணக்குத் தவறு, அளவைத் தவறு. வேதியியல் தெரியாததால் வந்தவை குறைவு. ஆகவே இங்கே எடை, மி.லி., நாள், காகிதம் இவைதான் அதிகம் வரும். ஒரு சொல்லை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: காரத்தன்மை என்று எழுதினால் பலருக்கு பி.எச். ஞாபகம் வரும். இரண்டும் வேறு. அதனால் ஆல்கலினிட்டி என்றே எழுதுகிறேன். அமிலத்தை ஈடுகட்டத் தண்ணீரில் இருக்கும் கார்பனேட், பைகார்பனேட் கையிருப்புதான் அது. அதை அளக்கும் அலகு டி.கே.எச்.

1. முதலில் உப்பின் அளவைச் சரிபாருங்கள்

கடல்நீரில் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அந்த அளவில் கால்சியம் ஏறத்தாழ 410 முதல் 420 மி.கி., மக்னீசியம் 1,300 மி.கி. அளவில், ஆல்கலினிட்டி 7 டி.கே.எச். பக்கத்தில் இருக்கும். உங்கள் தொட்டியில் உப்பே 31 என்றால் கால்சியம் 365 என்று காட்டும். கால்சியம் குறைந்துவிட்டதே என்று நீங்கள் அதை ஊற்றப் போவீர்கள். குறைந்திருப்பது கால்சியம் அல்ல, எல்லாமே.

உப்பை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. பூஜ்யத்தில் சரியாக நின்று 35-இல் இரண்டு மூன்று புள்ளி தப்பும் கருவிகள் நிறைய உண்டு. என்னுடையது அப்படித்தான் என்னை நெடுநாள் ஏமாற்றியது. சரிபார்க்கும் கரைசலை நீங்களே செய்யலாம்: 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடு, 963.5 கிராம் காய்ச்சி வடித்த தண்ணீர். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகாணியைத் திருப்பி 35-இல் நிறுத்துங்கள். சோடியம் குளோரைடு உலர்ந்திருக்க வேண்டும், தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும்.

2. உங்கள் தொட்டிக்கு இது தேவையா?

டோசிங்கை, அதாவது கரைசலைத் தினமும் அளந்து ஊற்றுவதை, ஆரம்பிக்கும் முன் மூன்று நாள் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீரும் மாற்றாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை மட்டும் அளந்து எழுதுங்கள். முதல் நாள் 8.4, மூன்று நாள் கழித்து 7.2 என்றால் தொட்டி நாளொன்றுக்கு 0.4 டி.கே.எச். சாப்பிடுகிறது.

ஏன் கால்சியத்தை விட்டு ஆல்கலினிட்டியை அளக்கச் சொல்கிறேன்? பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட். கட்டும்போது இரண்டையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கும். ஆனால் தண்ணீரில் கால்சியத்தின் கையிருப்பு பெரியது, ஆல்கலினிட்டியின் கையிருப்பு சின்னது. ஆல்கலினிட்டி 2.8 டி.கே.எச். விழும்போது கால்சியம் வெறும் 20 மி.கி.தான் குறையும். சாதாரணச் சோதனைப் பெட்டியில் 20 மி.கி. என்பது ஒன்றிரண்டு சொட்டு வித்தியாசம். 2.8 டி.கே.எச். என்பது அக்ரோபோரா என்ற கடினப் பவளம் வைத்திருப்பவருக்குத் தூக்கம் போகும் விஷயம்.

ஒரு வாரத்துக்கே 0.3-க்கு மேல் குறையவில்லையென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். மென்பவளங்கள் மட்டும் இருக்கும் தொட்டியில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் மாற்றுவதே போதும். அதற்கு மேல் குறைகிறதென்றால் தண்ணீர் மாற்றி ஈடுகட்டலாம் என்று நம்பாதீர்கள். பத்து சதவீதம் மாற்றினால், புது உப்புத்தண்ணீருக்கும் தொட்டிக்கும் உள்ள இடைவெளியில் பத்தில் ஒரு பங்குதான் அடைபடும். இதைப் புரிந்துகொள்ளாமல் நான் தீர்த்த உப்புப் பைகள் கொஞ்சநஞ்சமல்ல.

தேவை சிறியது என்றால் இன்னொரு வழியும் உண்டு: சுண்ணாம்புத் தெளிநீர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, ஆவியாகும் நீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக விடுவது. 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் தெளிநீர் ஒரு நாளில் சுமார் 1.1 டி.கே.எச். தரும், கால்சியத்தையும் கூடவே தரும், உப்பு மிச்சம் விடாது. அதன் பி.எச். 12.4 என்பதால் மொத்தமாகக் கொட்டினால் தொட்டி போய்விடும். ஆவியாதல் எவ்வளவோ அவ்வளவுதான் கொடுக்கவும் முடியும்.

3. தூள் வாங்கும்போது கேட்க வேண்டிய காகிதங்கள்

எல்லோரும் அவசரப்படும் இடம் இது. நானும் அவசரப்பட்டேன். பையில் 'கால்சியம் குளோரைடு' என்று மட்டும் அச்சடித்திருந்ததை வாங்கி, டைஹைட்ரேட்டுக்கு (இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை) எழுதிய செய்முறைப்படி கலக்கினேன். உள்ளே இருந்தது நீரற்ற வகை. கால்சியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆறு வாரம் கழித்து 520 என்று வந்தபோது சோதனைப் பெட்டிமேல்தான் சந்தேகப்பட்டேன்.

கால்சியம் குளோரைடில் டைஹைட்ரேட் என்றால் 27.3 சதவீதம் கால்சியம், நீரற்றது என்றால் 36 சதவீதம், ஹெக்ஸாஹைட்ரேட் (ஆறு நீர் மூலக்கூறு) என்றால் 18.3 சதவீதம். பெயர் ஒன்றுதான். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள சி.ஏ.எஸ். பதிவு எண்ணைப் பாருங்கள். உலகம் முழுக்க ஒரே எண்தான்:

கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்: 10035-04-8 (நீரற்றது என்றால் 10043-52-4)
சோடியம் கார்பனேட், நீரற்றது: 497-19-8
சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா: 144-55-8
மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்: 7791-18-6
மக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட், அதாவது பேதி உப்பு: 10034-99-8

விற்பவரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, அந்தக் குறிப்பிட்ட தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்று. அதில் தூய்மைச் சதவீதம், கன உலோகங்கள், இரும்பு, தாமிரம் ஆகிய வரிகளைப் பாருங்கள். சான்றில் இருக்கும் தொகுதி எண்ணும் பையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறு தொகுதியின் சான்றை அனுப்பிவைப்பது சகஜம். இரண்டாவது, பாதுகாப்புத் தகவல் தாள். உணவுத் தரம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உணவுச் சேர்க்கைப் பொருளாக விற்றால் கால்சியம் குளோரைடு ஈ 509, சோடியம் கார்பனேட்டுகள் ஈ 500, மக்னீசியம் குளோரைடு ஈ 511 என்று குறித்திருப்பார்கள். ஆய்வகத் தரம் இன்னும் நல்லது, பல மடங்கு விலை. சாலையில் பனி உருக்க விற்கும் தூள், நீச்சல் குளத்துக்கு விற்கும் தூள், துணி துவைக்கும் சோடா ஆகியவை வேண்டாம். அவற்றில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவுப் பொருளும் இருக்கும். பேதி உப்பிலும் வாசனை, நிறம் சேர்த்துக் குளியலுக்கு விற்பதை எடுக்காதீர்கள்.

4. செலவு எங்கே போகிறது

தூளுக்கு ஆகும் செலவு அற்பம். ஒரு கிலோ கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டில் கீழே சொல்லும் கரைசல் 6.8 லிட்டர் வரும். நாளுக்கு 11 மி.லி. எடுக்கும் 150 லிட்டர் தொட்டிக்கு அது 600 நாளுக்கு மேல் ஓடும். கடையில் பாட்டிலாக வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் தண்ணீருக்கும் அதைத் தூக்கிவரும் வண்டிக்கும்.

மிச்சம் பிடித்த பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: நல்ல ஆல்கலினிட்டி சோதனைப் பெட்டி, 0.1 கிராம் காட்டும் தராசு, கால்சியம் மற்றும் மக்னீசியம் சோதனை, பிறகுதான் டோசிங் பம்ப். பம்பை முதலில் வாங்குபவர்கள் தவறான அளவைத் துல்லியமாக ஊற்றுகிறார்கள்.

5. கரைசல் கலக்குதல்

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பலவும் காலனிலும் கப்பிலும் இருக்கும். கப் கணக்கை விடுங்கள். தூள் நைஸாக இருந்தால் ஒரு எடை, பரலாக இருந்தால் வேறு எடை. நான் பயன்படுத்துவது லிட்டர் கணக்கு, மனசில் நிற்கும்.

கால்சியம் கரைசல்: 147 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், மொத்தம் 1 லிட்டர் வரும்வரை தண்ணீர். லிட்டருக்கு 40,000 மி.கி. கால்சியம்.

ஆல்கலினிட்டிக் கரைசல்: 106 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட், மொத்தம் 1 லிட்டர். வீரியம் 5,600 டி.கே.எச்.

மக்னீசியம் கரைசல்: 320 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டும் 40 கிராம் பேதி உப்பும், மொத்தம் 1 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 42,000 மி.கி. மக்னீசியம். இந்த எட்டுக்கு ஒன்று விகிதம் கடல்நீரின் குளோரைடு, சல்பேட் விகிதத்தை ஒட்டியது. பேதி உப்பு மட்டும் போட்டால் சல்பேட் ஏறிக்கொண்டே போகும்.

முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம். இதில் எத்தனை மி.லி. விடுகிறீர்களோ அதிலும் அத்தனை மி.லி.

தண்ணீர் ஆர்.ஓ./டி.ஐ. (அயனி நீக்கியது), டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) பூஜ்யம். 'மொத்தம் 1 லிட்டர்' என்பதைக் கவனியுங்கள். முதலில் 700 மி.லி. தண்ணீர் எடுத்து, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்து, ஆறியபின் 1 லிட்டர் கோடுவரை நிரப்ப வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் தூளைப் போட்டால் கரைசல் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும், வீரியம் குறையும்.

கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும். 147 கிராமுக்கே பாத்திரம் கையில் தெரியும், நீரற்ற வகை என்றால் இன்னும் கொதிப்பாக இருக்கும். தூளைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைத் தூள்மேல் ஊற்றாதீர்கள். கண்ணாடிக் குடுவை வேண்டாம், தடித்த பிளாஸ்டிக் வாளி நல்லது. கண்ணுக்குக் கவசம், கைக்கு உறை. சோடியம் கார்பனேட் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் லேசில் அடங்காது.

சோடியம் கார்பனேட் கிடைக்காவிட்டால் சமையல் சோடாவை வறுத்து எடுக்கலாம். ஓவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம், மெல்லிய படலமாகப் பரப்பி. பாத்திரம் எஃகோ கண்ணாடியோ இருக்கட்டும், அலுமினியத்தைச் சோடா அரிக்கும். வெந்துவிட்டதா என்று நிறத்தில் தெரியாது, எடையில் தெரியும். 168 கிராம் போட்டால் 106 கிராம் மிஞ்ச வேண்டும், 500 போட்டால் 315. அதற்கு மேல் நின்றால் இன்னும் அரை மணி வையுங்கள். எடை இறங்குவது நின்றால் முடிந்தது. ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், ஈரத்தை இழுக்கும்.

வறுக்காமல் அப்படியே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், ஆனால் 168 கிராம் ஒரு லிட்டரில் கரையாது. 84 கிராம்தான் நிம்மதியாகக் கரையும், வீரியம் பாதி, அளவு இரட்டிப்பு. வறுத்த சோடா பி.எச்.-ஐ ஏற்றும், வறுக்காதது கொஞ்சம் இறக்கும். உங்கள் தொட்டியில் பி.எச். எப்போதும் 8.4-க்கு மேல் நிற்கிறது என்றால் வறுக்காததே பொருத்தம். பெரும்பாலான வீடுகளில் கதவு ஜன்னல் சாத்தியே இருப்பதால் பி.எச். தாழ்வாக இருக்கும், அங்கே வறுத்தது.

பாட்டிலில் பெயர், வீரியம், கலக்கிய தேதி, தூளின் தொகுதி எண் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். கால்சியத்துக்கு ஒரு நிறம், சோடாவுக்கு ஒரு நிறம். இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

6. தொட்டிக்குப் போகுமுன் ஒரு சோதனை

இதைச் செய்திருந்தால் எனக்கு அந்த ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். பத்து நிமிட வேலை.

கால்சியம் கரைசலில் 1 மி.லி. எடுத்து ஆர்.ஓ. தண்ணீரில் மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். உங்கள் கால்சியம் சோதனையில் 400 வர வேண்டும். சற்று முன்பின் இருக்கலாம். 530 பக்கம் வந்தால் உங்களிடம் இருப்பது நீரற்ற வகை. 270 என்றால் ஹெக்ஸாஹைட்ரேட்.

ஆல்கலினிட்டிக் கரைசலில் 1 மி.லி. எடுத்து மொத்தம் 1 லிட்டர் ஆக்குங்கள். 5.6 டி.கே.எச். வர வேண்டும். 4-ஐ ஒட்டி வந்தால் சோடா சரியாக வறுபடவில்லை, அல்லது ஈரம் குடித்துவிட்டது.

சோதனைப் பெட்டியே சரியா என்ற சந்தேகமும் நியாயமானது. 2.1 கிராம் உலர்ந்த சமையல் சோடாவை மொத்தம் 1 லிட்டராகக் கரையுங்கள். அதில் 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்குங்கள். இது 7.0 டி.கே.எச். பெட்டி 7.6 காட்டினால் அது எப்போதும் 0.6 கூட்டிச் சொல்கிறது என்று பெட்டிமேலேயே எழுதிவிடுங்கள். புதுப் பெட்டி திறக்கும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள்.

7. முதலில் குறையைச் சரிக்கட்டுங்கள், பிறகு தினசரி அளவு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இலக்கு என்ன? நான் வைத்திருப்பது ஆல்கலினிட்டி 7.5 முதல் 8.5, கால்சியம் 400 முதல் 440, மக்னீசியம் 1,250 முதல் 1,350. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக ஓடும் தொட்டியில் ஆல்கலினிட்டியை 8-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம், அக்ரோபோராவின் நுனி வெளுத்து எரியும். எண் எதுவானாலும் ஒரே இடத்தில் நிற்பது முக்கியம்.

தண்ணீரின் அளவைக் கணக்கிடும்போது கண்ணாடித் தொட்டியின் கொள்ளளவைப் போடாதீர்கள். 90 × 45 × 45 செ.மீ. தொட்டி 182 லிட்டர் என்று சொல்லும். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி போக, சம்பில் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) உள்ளதையும் கூட்டி, உண்மையில் 150 இருக்கலாம். முதல்முறை நிரப்பும்போது வாளி எண்ணியவர்கள் பாக்கியசாலிகள்.

100 லிட்டர் தண்ணீருக்கு:
ஆல்கலினிட்டி 1 டி.கே.எச். ஏற்ற 18 மி.லி.
கால்சியம் 10 மி.கி. ஏற்ற 25 மி.லி.
மக்னீசியம் 10 மி.கி. ஏற்ற 24 மி.லி.

150 லிட்டர் தொட்டி, ஆல்கலினிட்டி 6.5, கால்சியம் 380, மக்னீசியம் 1,180 என்று வைத்துக்கொள்வோம். மக்னீசியத்தில் தொடங்குங்கள். அது குறைவாக இருந்தால் மற்ற இரண்டும் தண்ணீரில் நிற்காமல் படிந்துகொண்டே இருக்கும். 120 ஏற்ற 432 மி.லி. ஒரே நாளில் 50-க்கு மேல் ஏற்றாதீர்கள், மூன்று நாள் ஆகும். அடுத்து கால்சியம் 420-க்கு: 150 மி.லி., நாளுக்கு 20 மி.கி. என்று இரண்டு நாள். ஆல்கலினிட்டி 8-க்கு: 40 மி.லி., நாளுக்கு அரை டி.கே.எச். என்று மூன்று நாள். ஒரு நாளில் 1 டி.கே.எச். வரை ஏற்றலாம் என்பார்கள். பவளம் தாங்கலாம், என் நரம்பு தாங்குவதில்லை. சரிக்கட்டும் நாட்களிலும் தொட்டி தன் பங்கைச் சாப்பிடும். ஆகவே தினமும் அளந்து பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இலக்குக்கு வந்தபின் தினசரி அளவு. இரண்டாம் படியில் 0.4 டி.கே.எச். என்று கண்டோம். 0.4 × 18 × 1.5 = 10.8. இரண்டு கரைசலிலும் தலா 11 மி.லி. முதல் வாரம் தினமும் ஆல்கலினிட்டி, பிறகு வாரம் இரண்டு முறை. கால்சியம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மக்னீசியம் மாதம் ஒருமுறை போதும். என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

நாள் 1, இரவு 9: 8.0. தலா 11.
நாள் 4, இரவு 9: 7.7, நேற்றும் தாழ்வு. தலா 13.
நாள் 8, இரவு 9: 7.8. மாற்றமில்லை.
நாள் 9: புது மாண்டிபோரா பவளம் மூன்று துண்டு. கவனிக்க.

ஒரே ஒரு அளவீட்டை நம்பி அளவை மாற்றாதீர்கள். ஒரு சொட்டு கூடக் குறைய விழுந்தாலே 0.3 தப்பும். தொடர்ந்து இரண்டு முறை ஒரே பக்கம் சாய்ந்தால் பத்து இருபது சதவீதம் மாற்றுங்கள். இன்னொன்று: அளவுக்கு அதிகமாகக் கேட்கிறதே, பவளம் நன்றாக வளர்கிறது போல என்று மகிழ்ந்துபோகும் முன் ஹீட்டரையும் பம்பையும் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் நீங்கள் ஊற்றுவதெல்லாம் அங்கேதான் போகிறது.

8. எங்கே, எப்போது ஊற்றுவது

நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில், மெதுவாக. இரண்டு கரைசலுக்கும் இடையே குறைந்தது அரை மணி. கையால் ஊற்றுபவர்கள் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை. விளக்கு அணைந்தபின் பி.எச். இறங்கும் என்பதால் சோடாவை இரவுக்கு வையுங்கள்.

டோசிங் பம்ப் வைத்தால் நாள் அளவை எட்டுப் பத்து துளிப் பங்குகளாகப் பிரிக்கலாம், பவளத்துக்கு அதுதான் சுகம். குழாயின் முனை நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் உறிஞ்சுகுழலாகி பாட்டில் முழுவதும் இறங்கிவிட வாய்ப்புண்டு. இரண்டு முனைகளும் தள்ளித் தள்ளி இருக்கட்டும். சோடா முனையில் வெள்ளைக் கட்டி பிடிக்கும், வாரம் ஒருமுறை துடையுங்கள். பம்புக்குள் இருக்கும் மென்குழாய் நாளாக ஆகத் தளரும். மாதம் ஒருமுறை அளவுக் குழலில் ஓடவிட்டு, 10 மி.லி. என்று சொன்னால் 10 வருகிறதா என்று பாருங்கள்.

9. உப்பு சத்தமில்லாமல் ஏறும்

பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் சோடியமும் குளோரைடும் சாதாரண உப்பு. நாளுக்கு 1 டி.கே.எச். சாப்பிடும் 100 லிட்டர் தொட்டியில் இது தினம் சுமார் 2 கிராம், மாதத்துக்கு லிட்டருக்கு 0.6 கிராம். கண்டுகொள்ளாமல் விட்டால் ஓராண்டில் 35 என்பது 42-ஐத் தாண்டும். மாதம் ஒருமுறை உப்பை அளந்து, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள். சோடியமும் குளோரைடும் மட்டுமே ஏறி மற்ற தாதுக்களின் விகிதம் தாழ்வதால், தண்ணீர் மாற்றுவதை அறவே நிறுத்திவிடாதீர்கள். பாலிங் முறை என்ற, இதேபோல் கரைசல் ஊற்றும் முறையில் மூன்றாவதாகச் சோடியம் குளோரைடு இல்லாத உப்பைச் சேர்ப்பது இந்த விகிதத்தைச் சமன் செய்யத்தான். மாதம் இருபது சதவீதம் தண்ணீர் மாற்றுபவருக்கு அது அவசரமில்லை.

10. நுண் தனிமங்கள்: கடைசியில், காகிதத்தோடு

பலர் இங்கிருந்துதான் ஆரம்பிக்க நினைக்கிறார்கள். பவளத்துக்கு நிறம் வரவில்லை, ஏதோ ஒரு தனிமம் குறைகிறது என்று. அளக்க முடியாததை ஊற்றக் கூடாது என்பது என் வீட்டு விதி. முதலில், தனிமங்களை ஆய்வகத்தில் அளக்கும் ஐ.சி.பி. பரிசோதனைக்குத் தண்ணீர் அனுப்புங்கள். முடிவைப் பார்த்து உடனே எதுவும் செய்யாதீர்கள். தண்ணீர் மாற்றும் வழக்கத்தை மாற்றாமல் ஒன்றரை இரண்டு மாதம் கழித்து இன்னொன்று அனுப்புங்கள். இரண்டிலும் குறைவாக வந்தது எதுவோ அதுதான் குறை. அறிக்கைகளை நோட்டோடு சேர்த்து வையுங்கள்.

வீட்டில் கரைக்கத் தகுந்தவை என்று நான் மூன்றைத்தான் சொல்வேன்.

பொட்டாசியம்: 76 கிராம் பொட்டாசியம் குளோரைடு (7447-40-7), மொத்தம் 1 லிட்டர். 100 லிட்டருக்கு 25 மி.லி. விட்டால் 10 மி.கி. ஏறும். கடல்நீரில் 390 முதல் 400.

ஸ்ட்ரான்சியம்: 24.3 கிராம் ஸ்ட்ரான்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் (10025-70-4), மொத்தம் 1 லிட்டர். 100 லிட்டருக்கு 12.5 மி.லி. விட்டால் 1 மி.கி. ஏறும். கடல்நீரில் 8.

அயோடின்: இங்கே நிதானம் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 0.06 மி.கி.தான். 100 லிட்டர் தொட்டியில் மொத்தமே 6 மி.கி. அவ்வளவு சின்ன எடையை 0.1 கிராம் தராசு காட்டாது. ஆகவே இரண்டு கட்டமாக நீர்க்க வையுங்கள். 13.1 கிராம் பொட்டாசியம் அயோடைடு (7681-11-0), மொத்தம் 1 லிட்டர். இது தாய்க் கரைசல், தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதில் 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்குங்கள். இதில் 1 மி.லி. என்றால் 1 மி.கி. அயோடின். ஒரே தடவையில் 100 லிட்டருக்கு 2 மி.லி.க்கு மேல் விடாதீர்கள். வெளிச்சத்தில் கெடும், பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு. கணக்கை ஒரு நாள் போட்டு, மறுநாள் புதிதாக மறுபடி போட்டுப் பார்த்தபின்தான் நான் கலக்குகிறேன்.

தாமிரம், துத்தநாகம், கோபால்ட், நிக்கல் எல்லாவற்றுக்கும் செய்முறைகள் உலவுகின்றன. கடல்நீரில் தாமிரம் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. 100 லிட்டரில் அந்த 1 மைக்ரோகிராமை ஏற்றவே 0.1 மி.கி. போதும். ஒரு சர்க்கரைப் பரலின் எடைகூட இல்லை. கொஞ்சம் கூடினால் நத்தையும் இறாலும் முதலில் சாகும், பாறைக்குள் ஊறியதை எடுக்கவும் முடியாது. இவற்றுக்குப் புது உப்புத்தண்ணீர் போதும். அறிக்கையில் நிஜமாகவே குறை தெரிந்தால் நீர்க்கவைத்த கடைப் பாட்டிலை வாங்குங்கள். அந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

11. ஊருக்குப் போகும்போது

பம்ப் ஓடுகிறது, பாட்டில் நிறைய கரைசல் இருக்கிறது என்று நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். பம்பின் சுவிட்ச் மாட்டிக்கொண்டு ஒரு லிட்டர் சோடாக் கரைசலும் 150 லிட்டர் தொட்டியில் இறங்கினால் 37 டி.கே.எச். ஏறும், எதுவும் மிஞ்சாது. பத்து நாள் பயணத்துக்கு 110 மி.லி. தேவை, 120 மட்டும் ஊற்றி வையுங்கள். மாதக் கணக்கில் மிச்சமிருக்கும் பெரிய பாட்டிலைப் பம்பிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் அளக்கவும் ஊற்றவும் சொல்லாதீர்கள். தண்ணீர் வெளுத்தால் டோசிங் பம்பின் பிளக்கைப் பிடுங்கவும் என்று எழுதி, எந்த பிளக் என்று அதன்மேலேயே ஒரு சிவப்பு நாடாவைச் சுற்றிவிட்டுப் போங்கள்.